சிதறிய வட்டம்

தமிழில் 'தந்திரம்' என்றதும் நரிதான் நினைவுக்கு வருகிறது. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் அதே பெயர்தான் என்பதை முதுகலை மாணவிகளுக்குக்கூட நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வடமொழியில் அது தறியையும் அதில் ஓடும் பாவு நூலையும் குறித்த சொல். பிறகு ஒரு நெறிக்கும் அதன் நூலுக்கும் பெயரானது. மேற்குலகச் சந்தையில் அது படுக்கையறைக் கையேடாகச் சுருங்கிவிட்டது. பாலுறவுச் சடங்கு தாந்திரிகத்தில் உண்டு. இல்லையென்று மறைப்பது ஒழுக்கவாதிகளின் வேலை. ஆனால் அந்நூல்களின் பெரும்பகுதி தீட்சை, மந்திரம், யந்திரம், உடலின் உறுப்புதோறும் தெய்வத்தை இருத்தும் நியாசம் என்று நீள்கிறது. உடலைத் துறக்காமல், உடலின் வழியாகவே விடுதலை தேடுவது அதன் மையம்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியவர்கள் காஞ்சிபுரத்து யோகினிகள். 10ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கப்பட்ட, அமர்ந்த நிலைக் கற்சிலைகள். விரிந்து நிற்கும் கூந்தல், நிறைந்த மார்பு, மென்சிரிப்பு. உற்றுப் பார்த்தால் உதட்டோரம் கோரைப்பல். கபாலம் ஏந்தியவளும் உண்டு. கணவனின் பக்கத்தில் அடங்கி நிற்கும் தேவியர் அல்லர் இவர்கள்.

யோகினிகள் கூட்டமாகவே வழிபடப்பட்டவர்கள். ஒடிசாவில், புவனேசுவரத்துக்கு அருகே ஹீராபூரில் 64 யோகினிகளின் கோயில் இன்றும் நிற்கிறது. கூரையில்லாத வட்டச் சுவர், வானம்தான் விதானம். உட்புற மாடங்களில் மையத்தை நோக்கியபடி பெண்கள், சிலருக்கு விலங்கு முகம். அவர்களில் ஒருத்தியை மகாமாயா என்று ஊரார் தனியே கும்பிடுகிறார்கள். அவளுக்கும் இடம் அதே சுவரில்தான்.

காஞ்சி யோகினிகளுக்கும் அப்படியொரு கூட்டம் இருந்திருக்க வேண்டும். 1920களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ-துப்ரேய் அச்சிலைகளைத் திரட்டினார். பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூ வழியாகப் பல விற்கப்பட்டன. இன்று லண்டன், பாரிஸ், வாஷிங்டன், டொராண்டோ, டெட்ராய்ட் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள்; சென்னை அருங்காட்சியகத்திலும் உண்டு. இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்து பத்மா கைமல் 2012இல் ஒரு நூலே எழுதினார். கோயில் நின்ற இடம் இன்றும் உறுதிப்படவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவளைத் தனியே நிறுத்தி விளக்குப் போட்டதும் அவள் 'அரிய கலைப்பொருள்' ஆகிவிடுகிறாள். படுக்கையறைத் 'தந்த்ரா'வை உருவாக்கியதும் இப்படிப் பெண்ணைப் பிரித்தெடுத்து ரசிக்கும் அதே கண்தான் என்பேன்.

அதற்காகத் தாந்திரிகத்தைப் பெண்விடுதலை நெறியென்று கொண்டாட எனக்கு மனமில்லை. பெண்ணே தெய்வம், அவளை இழிக்காதே என்று சாக்த நூல்கள் சொல்கின்றன. யாரிடம்? பெரும்பாலும் ஆண் சாதகனிடம். காஷ்மீரத்து அபிநவகுப்தர் 1000ஆம் ஆண்டையொட்டி எழுதிய தந்திராலோகம், தூய்மை-தீட்டு பற்றிய அச்சமே மனிதரைக் கட்டும் தளை என்கிறது. சாதியும் வீட்டுவிலக்கும் கண்ட நமக்கு அது எவ்வளவு பெரிய வாக்கு! ஆனால் அதன் 29ஆம் இயலில் வரும் குலச் சடங்கில் பங்கேற்கும் பெண்ணுக்குப் பெயர் தூதி. தூது போகிறவள் சேதியைச் சுமக்கிறாள். சேதி அவளுக்கும் சேர்த்துத்தானா? அசாமின் காமாக்யா கோயிலில் அம்புபாச்சி நாட்களில் தேவிக்கு மாதவிடாய் என்று மூன்று நாள் நடை சாத்துகிறார்கள். பிறகு சிவந்த துணித்துண்டு பிரசாதமாகக் கிடைக்கிறது. மாதவிடாயோடு வரும் பெண்ணுக்கு அங்கேயும் வாசலுக்கு வெளியேதான் இடம்.

என் துறைக்குள்ளேயே யோகினிகள் இருக்கிறார்கள். ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியில் அவர்கள் தேவியின் பரிவாரம். அதற்கு முந்திய கலிங்கத்துப்பரணியில் காளியின் பேய்மகளிர் போர்க்களத்தில் கூழ் அடுகிறார்கள். பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் எல்லாம் வந்து அந்தக் கூழை வாங்கிக் குடிக்கின்றன. அருவருப்பும் நகைச்சுவையும் கலந்த பகுதி என்று வகுப்புகளில் இதை வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம். வரும் பருவத்தில் கூழ் அடும் பகுதியையும் காஞ்சி யோகினிகளின் படங்களையும் ஒரே வாரத்தில் பாடமாக வைக்கப்போகிறேன்.