தோட்டப் பாடசாலையும் விஞ்ஞான நோக்கும்

தோட்டத்து மாணவர் இயல்பாகவே விஞ்ஞானத்தில் நாட்டமற்றவர் என்பாருளர். சப்பிரகமுவத் தோட்டங்களின் கல்வி வரலாற்றை நோக்குவோர் இக்கூற்றை ஏற்றல் அரிது.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. எழுத்தும் எண்ணுமே அக்கல்வியின் எல்லையாயின. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனும் தோட்டங்களை முழுமையாக எட்டவில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தைப் பொதுப் பாடமாக்கியது. ஆயின், அக்காலத்துத் தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. விஞ்ஞானம் தொடங்குமிடத்திற்கு முன்னரே பள்ளி முடிந்துவிட்டது.

இதிலுள்ள முரண் கருதத்தக்கது. கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளில் பால்வெட்டும் தொழிலாளி வைகறையிலேயே மரத்தை நாடுகின்றார். அவ்வேளை கலங்களில் நீரமுக்கம் மிகுந்திருத்தலால் பால் நன்கு வடியும். வெயிலேற அது குறையும். எடுத்த பாலைப் போமிக்கமிலம் திரளச் செய்கின்றது. இரத்தினபுரி மாவட்டத்துப் பலாங்கொடைத் தேயிலைத் தொழிற்சாலைகளில், உருட்டிய கொழுந்து செம்மை நிறம் பெறுவதை நொதித்தல் என்பர். உண்மையில் அது நுண்ணுயிர்களின் செயலன்று. இலையிலுள்ள நொதியங்களால் நிகழும் ஒட்சியேற்றமே. பெற்றோரின் கை அறிந்த இவற்றின் காரணத்தைப் பிள்ளை அறியப் பாடசாலை வழிசெய்யவில்லை.

1977 முதல் அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியும் கிடைத்தது. கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர் தொகை பெருகிற்று. எனினும், தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இம்மாகாணத்தில் இன்றும் மிகச் சிலவே. திறமையுள்ள மாணவரும் கலைப் பிரிவையே நாட நேர்வதற்கு இதுவே பெருங்காரணம். இதனை விருப்பமின்மை எனக் கொள்ளல் தகுமா?

விஞ்ஞான ஆக்கத்திறன் விலையுயர்ந்த கருவிகளால் மட்டும் வளர்வதன்று. இறப்பர்ப் பாலை மூன்று கிண்ணங்களில் ஒரே அளவாக எடுத்து, ஆசிரியரின் மேற்பார்வையில் ஐதான அமிலத்தை வெவ்வேறு அளவிற் சேர்த்து, திரளும் நேரத்தைக் குறிக்கும் மாணவன் கருதுகோளையும் சோதனையையும் ஒருங்கே கற்கின்றான். ஆயினும், அவன் கேள்வியை வளர்த்துச் செல்ல ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும்.

ஆய்வுகூடம் காணாத மாணவரின் விஞ்ஞான மனப்பாங்கை வினாக்கொத்துக் கொண்டு அளப்போர், அம்மாணவரையன்று, அவருக்கு வாய்த்த பாடசாலையையே அளக்கின்றனர். பல்கலைக்கழக வாயிலைக் கடந்துவந்த நாம் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.