ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு

அறிவுசார் குறைபாடோ கடுமையான மனநோயோ உள்ளவர்களை, ஊரில் எல்லோரும் வேலை பார்க்கும் இடங்களிலேயே, எல்லோருக்கும் உரிய சம்பளத்தில் அமர்த்தி, வேலையில் நிலைக்கும்வரை உடன் நின்று துணைசெய்யும் முறை. 1970களில் அமெரிக்காவில் உருவெடுத்து, 1984இல் அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 'பயிற்சி பெறட்டும், தேறினால் வேலை' என்றிருந்த வரிசையை, 'வேலையில் சேரட்டும், அங்கேயே பழகட்டும்' என்று திருப்பிப் போட்டதே இதன் சாரம்.

இதற்கு முன்பு இருந்தவை காப்பகத் தொழிற்கூடங்கள். பாஸ்டனின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி 1840வாக்கில் நடத்திய பட்டறை இவற்றின் முன்னோடிகளுள் ஒன்று. பின்னாளில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் இத்தகைய கூடங்கள் எழுந்தன. உறை ஒட்டுவது, உதிரிப் பொருள்களை எண்ணிப் பொட்டலம் கட்டுவது போன்ற வேலைகள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை விடவும் குறைத்துக் கொடுக்க அனுமதித்தது. பல மாநிலங்கள் அதைக் கைவிட்ட பிறகும், கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. வெளி வேலைக்கு ஆயத்தப்படுத்தவே இக்கூடங்கள் என்றார்கள். உள்ளே போனவர்களில் வெளியே வந்தவர்கள் மிகச் சிலரே. 'இன்னும் தயாராகவில்லை' என்ற தீர்ப்புக்குக் காலக்கெடு கிடையாது. அதன் கீழ் வாழ்நாளே கழிந்தவர்கள் உண்டு.

இந்தத் தீர்ப்பை ஆட்டங்காணச் செய்தவர் மார்க் கோல்ட். லாஸ் ஏஞ்சலிஸில் சிறப்பாசிரியராக இருந்து, பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளரானவர். தொழிற்கூடங்களில் இருந்தவர்களிடம் அவர் கொடுத்தது 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக். பாகங்கள் தட்டின் அறைகளில் பூட்ட வேண்டிய வரிசையிலேயே இருக்கும். சிலருக்கு, மேல்பக்கம் எதுவென்று தெரிய அந்தப் பக்கத்தில் வண்ணம் தீட்டிக் கொடுத்தார். பயிற்றுநர் அதிகம் பேச மாட்டார், பாராட்டவும் மாட்டார். அவர் மௌனமாக இருந்தால் செய்தது சரி. தவறினால் 'வேறு விதமாகச் செய்து பாருங்கள்' என்பார், அவ்வளவுதான். தயாராகவில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிரேக்கை முழுமையாகப் பூட்டினார்கள். கற்றுக்கொள்ள முடியவில்லை என்றால் கற்பித்த விதத்தில்தான் குறை என்பது கோல்ட் கண்ட முடிவு. 1972இல் ஆய்வு வெளியானது. பத்தாண்டு கழித்து அவர் காலமானார்.

ஒரேகான் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பெல்லமியும், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் பால் வேமனும் அடுத்த அடியை எடுத்து வைத்தனர். வேமன் குழுவினர் பயிற்சியைத் தொழிற்கூடத்திலிருந்து உண்மையான பணியிடத்துக்கே கொண்டுபோனார்கள். பயிற்றுநர் முதலில் தாமே அந்த வேலையைச் செய்து பார்ப்பார். உணவகத்தில் பாத்திரம் துலக்கும் வேலை என்றால், எச்சிலை வழிப்பதிலிருந்து கழுவிய தட்டை அடுக்குவதுவரை படிப்படியாகப் பிரித்து எழுதிக்கொள்வார். புதியவர் பழகும்வரை பக்கத்திலேயே நின்று, விட்டுப்போன வேலையைத் தாமே முடித்துக் கொடுப்பார். முதலாளிக்கு நட்டமில்லை. ஆள் தேறத் தேறப் பயிற்றுநர் வரவைக் குறைத்துக்கொள்வார். ஆனால் அடியோடு விலகிவிட மாட்டார். மேலாளர் மாறினாலோ வேலைநேரம் மாறினாலோ சிக்கல் எழும் என்பது அனுபவத்தில் கண்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை வரையறுத்தது. 1986இன் மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் நிதிக்கு வழி செய்தது.

மனநோய் உள்ளவர்களின் வேலை வரலாறு வேறு தடத்தில் தொடங்கியது. மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்கள் நியூயார்க்கில் 1948இல் நிறுவிய ஃபவுண்டன் ஹவுஸ், உறுப்பினர்களைத் தற்காலிக வேலைகளில் அமர்த்தி வழிகாட்டியது. 1990களின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் துணிந்து மேலே சென்றனர். அங்கே ஒரு பகல்நேரச் சிகிச்சை மையத்தை மூடிவிட்டு, வந்துகொண்டிருந்தவர்களுக்கு நேரடியாக வேலை தேடிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கை கூடியது. அஞ்சியபடி நோய் முற்றவில்லை. 'வேலைக்குப் போக விரும்புகிறேன்' என்பதே போதுமான தகுதி, நோயின் கடுமை தடையில்லை என்பது இவர்கள் வகுத்த விதி. வேலை தேடித் தருபவர் மருத்துவக் குழுவோடு சேர்ந்தே இயங்குவார். லண்டன், சூரிக், சோஃபியா உட்பட ஆறு ஐரோப்பிய மையங்களில் 312 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி இம்முறையில் 55 விழுக்காட்டினரும், வழக்கமான பயிற்சி முறையில் 28 விழுக்காட்டினரும் ஒரு நாளேனும் வேலை செய்திருந்தனர். மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இம்முறையில்தான் குறைவு. வேலையின் சுமை நோயைக் கிளறிவிடும் என்று குடும்பங்களும் மருத்துவர்களும் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு இந்த எண்கள் நேரான பதில் என்றே கருத வேண்டும்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயையும் மனவளர்ச்சிக் குறைவையும் ஊனமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அரசுப் பணியில் அது ஒதுக்கிய 3 விழுக்காட்டில் இவ்விரு பிரிவினருக்கும் பங்கு தரவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கி, அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்குப் பொதுவாக்கியது. தனியார் நிறுவனங்கள் 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளை அமர்த்த ஊக்கத்தொகை போன்ற சலுகைகளையும் அது பேசுகிறது. பணியிடத்தில் உடன் நின்று பழக்குபவரின் சம்பளத்தை யார் தருவது என்று தனியே சொல்லவில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு போன்ற தொண்டு நிறுவனங்களும், வேலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைச் சுமந்துவருகிறார்கள்.