மெழுகில் கட்டின மூளை

மூளையெண்டால் அது மருத்துவபீடப் பிள்ளைகளின்ர பாடம் எண்டுதான் நான் நினைச்சிருந்தன். ஆனால் கருவில் வளரும் மூளைக்கு முப்பரிமாண வரைபடம் செய்த கதையில், வரலாறு படிக்கிற எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு.

தொடக்கநிலைக் கருவின் மூளை சில மில்லிமீற்றர்தான். உள்ளே பார்க்க வேணுமெண்டால் வெட்ட வேணும். வெட்டினால் வடிவம் போயிடும். இதற்கு 1883இல் ஜேர்மன் உடற்கூற்றியலாளர் குஸ்தாவ் போர்ண் ஒரு வழி சொன்னார். கருவை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் பெருப்பித்து மெழுகுத் தகட்டில் வரைந்து, அந்தக் கோட்டின்படி வெட்டி அடுக்குவது. சீவலின் தடிப்பு 10 மைக்ரோமீற்றர், பெருப்பம் 100 மடங்கு எண்டால், தகடு 1 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேணும். அப்பதான் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவில் பெருகும்.

லைப்சிக்கில் வில்ஹெல்ம் ஹிஸ்ஸிடம் படித்த அமெரிக்கர் பிராங்ளின் மால், கார்னெகி நிறுவனத்தின் பணத்தோடு 1913இல் பால்ரிமோரில் கருவியல் துறையைத் தொடங்கினார். ஒஸ்போர்ண் ஹேர்ட் என்ற கலைஞர் அங்கே மாதிரியுருக்கள் செய்தார். முதல் எட்டு வார வளர்ச்சியை 23 படிநிலைகளாகப் பிரிக்கும் முறையும் இந்தச் சேகரிப்பிலிருந்துதான் வந்தது.

சரி, கருக்கள் எங்கேயிருந்து வந்தன? மால் வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கருச்சிதைவிலும் கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சையிலும் கிடைத்தவற்றை அவர்கள் அனுப்பினார்கள். கருவுக்கு ஒரு இலக்கம் கிடைத்தது. தாய்மாரிடம் ஒப்புதல் கேட்கிற வழக்கம் அப்ப இருக்கவில்லை. மானிடவியலாளர் லின் மோர்கன் இந்தச் சேகரிப்பின் பதிவுகளுக்குள்ளே அந்தப் பெண்களைத் தேடி, 2009இல் ஒரு நூலே எழுதினார்.

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.ரி. 'தரணி' என்ற வரைபடத்தை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களைச் சேர்ந்த சிசு மூளைகளின் 5,132 சீவல்கள் அதில் இருக்கின்றன. ஆரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மெழுகின் இடத்தில் கணினி வந்திருக்கு. வெட்டி அடுக்குகிற வேலை மாறேல்ல. இண்டைக்குப் பெற்றோரின் ஒப்புதலும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் இல்லாமல் இப்படியான ஆய்வு செய்ய ஏலாது. அந்த விதிகள் சும்மா வரேல்ல.

அந்தப் படங்களை நானும் பெருப்பிச்சுப் பார்த்தன். வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஒவ்வொரு மூளைக்குப் பின்னாலும் பிள்ளையோடு வீடு திரும்பாத ஒரு அம்மா இருக்கிறா. வரைபடத்தில் அவவுக்கு இடமில்லை; வரலாற்றிலயாவது குடுப்பம்.