திருவரங்கத்தில் மந்திர உபதேச விதிகள்

ஒரு மந்திரத்தைப் புதிதாகக் கற்க வருபவர் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், கற்றபின் அதை யாரிடம் சொல்லலாம் என்பதற்குத் தமிழ்நாட்டு வைணவத்தில் கண்டிப்பான விதிகள் இருந்தன. அவ்விதிகள் தளர்ந்த வரலாறு, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கத்தையும் இராமானுசரையும் (மரபுப்படி 1017–1137) சுற்றி அமைந்தது.

வைணவர்கள் 'ரகசியம்' என்று போற்றுபவை மூன்று: எட்டெழுத்தாலான திருமந்திரம், துவயம், சரம சுலோகம். இவற்றுள் சரம சுலோகம் பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் 66ஆம் சுலோகம். கீதை படித்த எவரும் அறிந்தது. ஆகவே மறைத்து வைக்கப்பட்டது சொல் அன்று, பொருள். 1974இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொன்னதும் அது அவன் நினைவிலிருந்து அழிந்துவிடும். தொடக்கநிலையில் இருப்பவனுக்குக் கிடைப்பதும் மிகச் சிலவே. அங்கே கட்டுப்பாடு மந்திரத்தின் மேல். திருவரங்கத்தில் கட்டுப்பாடு கேட்பவர் மேல் இருந்தது.

வைணவராக ஏற்கப்படுபவருக்குத் தோள்களில் சங்கு சக்கரப் பொறி ஒற்றுதல், திருமண் இடுதல், தாசப்பெயர் சூட்டுதல், மந்திர உபதேசம், வழிபாட்டுமுறை கற்பித்தல் என ஐந்து சடங்குகள் உண்டு. இதைப் பஞ்ச சம்ஸ்காரம் என்பர். இராமானுசருக்கு இதை மதுராந்தகத்தில் செய்தவர் பெரிய நம்பி. எனவே திருமந்திரம் அவருக்கு முன்பே கிடைத்துவிட்டது. அதன் உட்பொருளைக் கேட்கத்தான் திருக்கோட்டியூர் நம்பியிடம் போனார்.

நம்பி அவரைப் பதினேழு முறை திருப்பி அனுப்பி, பதினெட்டாம் முறைதான் சொன்னார் என்பது மரபு. இன்றைய சாலைக் கணக்கில் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் ஏறத்தாழ 100 கி.மீ. போகவர என்று கணக்கிட்டால் 3,600 கி.மீ. நடை. 'தண்டும் பவித்திரமும் மட்டும் கொண்டு தனியே வருக' என்று நம்பி சொல்லியனுப்பியபோது இராமானுசர் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் அழைத்துச் சென்று, இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்றாராம். விதியின் சொல்லைக் காத்து, அதன் நோக்கத்தைத் தாண்டிய செயல் இது. கோபுரக் கதையைவிட எனக்கு இதுவே சுவையானதாகப் படுகிறது.

அந்தக் கோபுரக் கதை எல்லோரும் அறிந்தது. இராமானுசர் கோபுரத்தில் ஏறி ஊர் முழுவதற்கும் மந்திரத்தைக் கூவினார் என்று மேடைகளிலும் திரைப்படங்களிலும் சொல்லப்படுகிறது. ஆனால் பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரை இவ்வளவு பெரிய காட்சியைத் தரவில்லை. கோயிலில் கூடியிருந்த வைணவர்கள் பலருக்குப் பொருளைச் சொன்னார் என்ற அளவில்தான் அது நிற்கிறது. நம்பி சினந்து, ஆணையை மீறியவருக்கு என்ன கதி என்று கேட்டார். 'நரகம்; ஆனால் நான் ஒருவன் போக, இத்தனை பேர் உய்வார்கள்' என்பது இராமானுசரின் விடை. நம்பி அவரை அணைத்து 'எம்பெருமானார்' என்று அழைத்தார்.

இத்துடன் விதிகள் ஒழிந்தன என்று நினைத்தால் தவறு. சரம சுலோகத்தின் பொருளைக் கூரத்தாழ்வான் கேட்டபோது இராமானுசர் உடனே சொல்லிவிடவில்லை. மடத்து வாசலில் ஒரு மாதம் உண்ணாமல் கிடந்த பிறகே கூரத்தாழ்வானுக்கு அது கிடைத்தது. அடுத்துக் கேட்ட முதலியாண்டான் இராமானுசரின் உறவினர். அவரை நம்பியிடமே போகச் சொன்னார். ஆறு மாதம் காத்த பின், கல்விச் செருக்கும் செல்வச் செருக்கும் குலச் செருக்கும் போக வேண்டும் என்ற அறிவுரைதான் அங்கே கிடைத்தது. பெரிய நம்பியின் மகள் அத்துழாயின் புகுந்த வீட்டில், சீதன வேலையாளாக முதலியாண்டான் சமையல் செய்த கதையும் இதையொட்டியே சொல்லப்படுகிறது. பெரும் பண்டிதர் அடுப்படியில் நின்றது அந்தக் காலத்தில் சின்னச் செய்தி அல்ல.

அப்படியானால் மாறியது எது? முன்பு ஒருவர் ஒருவருக்கே சொல்லும் முறைக்கு 'ஓராண்வழி' என்று பெயர். இராமானுசர் அவ்வரம்பை அறுத்து, ஆசை உடையவர்க்கெல்லாம் சொல்லலாம் என்று ஆக்கினார் என மணவாள மாமுனிகள் (1370–1443) உபதேச ரத்தினமாலையில் குறிப்பிடுகிறார். ஆசை ஒன்றே தகுதி ஆயிற்று. அந்த ஆசை உண்மையானதா என்று பார்ப்பதை இராமானுசர் கைவிடவில்லை. மேலே சொன்ன இரண்டு நிகழ்ச்சிகளும் அதைத்தான் காட்டுகின்றன.

அடுத்த பெரிய மாற்றம் எழுத்தில் நடந்தது. திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர், வாய்வழியாக மட்டும் வந்த பொருளை மணிப்பிரவாள நடையில் நூல்களாக்கினார். யாத்ருச்சிகப்படி மிகச் சுருக்கம். பரந்தபடி மிக விரிவு. ஸ்ரிய:பதிப்படியில் வடமொழி மிகுதி. இவை பெண்களுக்கும் வடமொழி கல்லாதவர்க்கும் பயன்படவில்லை என்று கருதி அவர் முமுட்சுப்படியை இயற்றினார் என்பர். புதிதாக வருபவருக்கு எது கடினம் என்று எண்ணி ஒரே பொருளை நான்கு முறை எழுதிய ஆசிரியர் அவர். ஏறத்தாழ அதே காலத்தில் வேதாந்த தேசிகரும் 32 அதிகாரங்களில் ரகசியத்ரயசாரம் எழுதினார். பிரணவத்தை யாருக்குச் சேர்த்து உபதேசிக்கலாம் என்பதில் பின்னர் வடகலையும் தென்கலையும் வேறுபட்டன.

டில்லிப் படையெடுப்பின்போது அரங்கனின் உற்சவத் திருமேனியுடன் தெற்கே சென்ற பிள்ளை லோகாசாரியர் மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் மறைந்தார். முமுட்சுப்படிக்கு மணவாள மாமுனிகள் உரை செய்தார். இன்று அது அச்சில் யாருக்கும் கிடைக்கிறது. ஆனாலும் வைணவ மரபினர் அதைத் தாமே படித்துக்கொள்வதில்லை. ஆசாரியர் முன் அமர்ந்து காலட்சேபமாகக் கேட்கிறார்கள்.