இருட்டில் என்னதான் செய்கிறார்கள்?

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இப்போது டெஸ்ட் டியூப் சிகிச்சை. லேப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஒரே மங்கல். கரண்ட் கட்டா என்று கேட்டாராம். நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மாமியாருக்கோ வேறு கவலை: ‘இருட்டுல எதையாச்சும் மாத்தி வெச்சுட்டா?’

முதலில் மங்கல் விஷயம். அது வேண்டுமென்றே செய்வது. நாமக்கல் பக்கம் கோழி முட்டையை விளக்கில் பிடித்து, உள்ளே கரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை, ஓடு இருக்கிறது. நம் கருவுக்கு ஏது ஓடு? பத்தில் ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம்! இயற்கையில் அது கருக்குழாயின் கும்மிருட்டில் வளர்வது. வெளிச்சம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

1964-லேயே ஜோசப் டேனியல் என்ற அமெரிக்கர், சாதாரண வெளிச்சம் பட்டால் முயல் கரு பிளவுபடுவது தடைபடுகிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 2007-ல் ஹவாயில் யானகிமாச்சி குழுவினர் (எலியை குளோனிங் செய்தாரே, அவரேதான்) எலிக்கருக்களை விதவிதமான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். மஞ்சள் சாயல் கொண்ட டியூப் லைட்டைவிடப் பளீர் வெள்ளை டியூப் லைட் மோசம். எல்லாவற்றையும்விட மோசம் வெயில். நீலம் கலந்த வெளிச்சம் செல்லுக்குள் ஒருவகை வீரிய ஆக்ஸிஜனைக் கிளப்பிவிட்டுச் சேதம் செய்கிறது. அதே வருஷம் டென்மார்க்கில் அளந்தபோது இன்னொரு வேடிக்கை: சிகிச்சையின்போது கருவின் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 95 சதவீதம் மைக்ராஸ்கோப்பிலிருந்து வருகிறது! அறை விளக்கை மட்டும் அணைத்தால் போதாது. அதனால்தான் ஃபில்டர், குறைந்த வெளிச்சம், சட்டென்று பார்த்துவிட்டு இன்குபேட்டருக்குள் திருப்பி வைப்பது எல்லாம். மனிதக் கருவை இப்படி வெயிலில் வைத்துச் சோதிக்க யாருக்கும் மனசு வராது. ஆகவே எலி சொன்னதைக் கேட்டு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, மாமியாரின் சந்தேகம்? அதற்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் கனமான கதை.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை. ‘துர்கா’ என்றார்கள். செய்து காட்டியவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. கருவை 53 நாள் உறையவைத்து, பிறகு தாயின் கர்ப்பப்பையில் வைத்ததாகச் சொன்னார். உலகத்தில் அப்போது யாரும் செய்யாத காரியம்!

நம்பினார்களா? மாநில அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர் ரேடியோ இயற்பியல்காரர்! கருவைப் பற்றித் தெரிந்தவர்கள் கமிட்டியில் இல்லை. ‘இவர் சொல்வது நம்பும்படி இல்லை’ என்று முடித்துவிட்டார்கள். ஜப்பானில் பேச அழைப்பு வந்தது, போக அனுமதியில்லை. 1981-ல் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றல். கருவைப் பார்த்த மனிதரைக் கண்ணைப் பார் என்று அனுப்பினார்கள். அந்த ஜூன் 19-ம் தேதி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 50.

1986 ஆகஸ்ட் 6-ல் மும்பையில் ஹர்ஷா பிறந்தாள். டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமாரும் ‘இந்தியாவின் முதல்’ என்ற பெயரைப் பெற்றார்கள். 1997-ல் அதே ஆனந்த குமார் கையில் முகர்ஜியின் குறிப்பேடுகள் கிடைத்தன. ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? ‘முதல் ஆள் நாங்கள் இல்லை, அவர்தான்’ என்று ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். தன் தலையிலிருந்த கிரீடத்தைத் தானே கழற்றி, இறந்துபோன ஒருவர் தலையில் வைப்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

ஆக, முகர்ஜியை மீட்டது கையெழுத்தில் இருந்த குறிப்புகள். சகோதரி, உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: 2021-ம் வருஷத்துச் சட்டப்படி செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் பதிவேடுகளைக் குறைந்தது பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும். டிஷ்ஷில் பெயர் எப்படி எழுதுகிறீர்கள், கூட நின்று சரிபார்ப்பவர் யார் என்று தாராளமாகக் கேளுங்கள். விளக்கை மட்டும் போடச் சொல்லாதீர்கள்.