மருந்து கற்பித்த நோய்: காளாஞ்சகப்படைச் சிகிச்சையின் வரலாறு ஒரு சான்றாக

சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்றும் நவீன மருத்துவம் சோரியாசிஸ் என்றும் அழைக்கும் தோல்நோயைப் பற்றி எழுதுவோர், முதலில் நோய்க்காரணத்தைச் சொல்லி, அதிலிருந்து பிறந்தவை போலச் சிகிச்சைகளை அடுக்குவது வழக்கம். பாடம் நடத்த அந்த வரிசை வசதியானது. வரலாற்றில் நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வேறு நோய்க்குக் கொடுத்த மருந்து தற்செயலாகத் தோலைத் தெளியவைத்தது. ஏன் தெளிந்தது என்று துருவிய பிறகே நோயின் இயல்பு பிடிபட்டது. ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை ஒவ்வொரு சிகிச்சையும் நிவாரணமாக மட்டுமன்றி ஒரு சோதனையாகவும் இருந்திருக்கிறது என்பதும், எந்த மருந்தையும் அது நோயிடம் எவ்வளவு கூர்மையான கேள்வியைக் கேட்டது என்பதைக் கொண்டும் மதிப்பிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். அப்படி மதிப்பிடத் தொடங்கினால், தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் இந்நோய்க்குப் பூசும் வெட்பாலைத் தைலத்தைச் சுற்றி நடக்கும் சச்சரவும் வேறு வடிவம் பெறுகிறது.

முழங்கை, முழங்கால், உச்சந்தலை, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் எல்லை தெளிந்த சிவந்த தடிப்பும், அதன்மேல் வெள்ளிநிறச் செதிலும் தோன்றுவது இந்நோயின் வழக்கமான முகம். கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு ஊதா அல்லது பழுப்பாகத் தெரியும். லண்டனில் ராபர்ட் வில்லன் 1808இல் இதைத் துல்லியமாக விவரித்தார். ஆனாலும் தொழுநோயின் பெயர் இதன்மேல் ஒட்டிக்கொண்டே இருந்தது; வியன்னாவின் ஹெப்ரா 1841இல்தான் அந்தக் குழப்பத்தை நீக்கினார். இது தொற்றாது என்பதை நம் ஊர்களில் இன்றும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு மேல்தோல் செல்களின் அவசரமே முதலில் கண்ணில் பட்டது. ஏறத்தாழ நான்கு வாரங்களில் முதிர்ந்து உதிரவேண்டிய செல்கள், படையுள்ள இடத்தில் சில நாட்களிலேயே மேலேறி உதிர்கின்றன. எனவே இது தோல் செல்களின் பெருக்கக் கோளாறு என்ற முடிவு இயல்பாகவே வந்தது. அதற்கு வலுச் சேர்த்ததும் ஒரு மருந்துதான். 1951இல் கப்னரும் உடன் பணியாற்றியோரும் மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது, தோலில் இருந்த படை மறைவதைக் கண்டார்கள். அதன் வழித்தோன்றலான மெத்தோட்ரெக்சேட் செல் பெருக்கத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்து. பெருகும் தோலை அது அடக்கியதில் யாருக்கும் வியப்பில்லை. மருந்தும் கொள்கையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன.

இந்தப் பொருத்தம் சுமார் முப்பது ஆண்டுகள் கேள்வியின்றி நின்றது. 1979இல் மியூல்லரும் ஹெர்மனும் சோரியாசிஸோடு மூட்டுவாதமும் கொண்ட நோயாளிகளுக்கு சைக்ளோஸ்போரின் கொடுத்தார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் உடல் புதிய உறுப்பை நிராகரிக்காதிருக்கக் கொடுக்கும் மருந்து அது. முதன்மையாக நோயெதிர்ப்பு அமைப்பின் டி செல்களை அடக்குவது. தோல் விரைவாகத் தெளிந்தது. அப்படியானால் தோலின் அவசரம் விளைவு மட்டும்தானா, ஏவல் வேறிடத்திலிருந்து வருகிறதா என்ற கேள்வி எழுந்தது. சைக்ளோஸ்போரின் தோல் செல்களையும் ஓரளவு பாதிக்கலாம் என்ற ஐயம் மிச்சமிருந்தது. 1995இல் காட்லீபும் குழுவினரும் அதைத் தீர்க்கும் சோதனையை நடத்தினார்கள். தூண்டப்பட்ட டி செல்களை மட்டும் கொல்லும்படி அமைத்த, தோல் செல்களைத் தொடாத ஒரு நச்சுப் புரதத்தைச் செலுத்தினார்கள்; படை தணிந்தது. அதே ஆண்டில் மெத்தோட்ரெக்சேட்டின் பழைய விளக்கமும் ஆட்டம் கண்டது: நோயாளிக்குக் கொடுக்கும் அளவில் அது தோல் செல்களைவிட நிணச் செல்களையே பன்மடங்கு எளிதாக அழிக்கிறது என ஆய்வகத்தில் தெரிந்தது. சரியாக வேலை செய்த மருந்து தவறான கொள்கைக்குச் சாட்சி சொல்லியிருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மருந்தின் பலனிலிருந்து காரணத்தை ஊகிப்பது பழைய தர்க்கப்பிழை. பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது என்பதால் காய்ச்சல் எதனால் வந்தது என்று தெரிந்துவிடாது. மெத்தோட்ரெக்சேட்டின் கதையே இந்த மறுப்புக்கு உதவுகிறது. பின்னாளில் உஸ்டெகினுமாப் என்ற எதிர்ப்பான் மருந்தும் அதே பாடத்தைத்தான் தந்தது. நோயெதிர்ப்புச் செல்களிடையே செய்தி கடத்தும் புரதமான இன்டர்லூக்கின் 12ஐக் குறிவைத்ததாகக் கருதப்பட்ட அந்த மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்துண்டு, 2000இல் கண்டறியப்பட்ட இன்டர்லூக்கின் 23க்கும் பொதுவானது. 2009இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, பலன் எதை அடக்கியதால் வந்தது என்று அந்த மருந்தைக் கொண்டு மட்டும் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுப்பு இங்கேயே நின்றுவிடுவதில் நியாயமில்லை. ஒரே மருந்தின் பலன் பல விளக்கங்களுக்கு இடம் தரும். குறி ஒவ்வொன்றாகக் குறுகும் மருந்துகளின் வரிசை அப்படி இடம் தராது. இன்டர்லூக்கின் 23ஐ மட்டும் தடுக்கும் குசெல்குமாப் 2017இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அதே செய்திச் சங்கிலியின் அடுத்த கண்ணியான இன்டர்லூக்கின் 17ஏ-வைத் தடுக்கும் செக்குகினுமாப் வந்திருந்தது. இரண்டும் பெரும்பாலானோரின் தோலை ஏறக்குறைய முழுவதும் தெளிவாக்கின. நேரடி ஒப்பீட்டில், 16 வாரங்களில் நோயளவு பத்தில் ஒன்பது பங்கு குறைந்தவர்கள் செக்குகினுமாப் பெற்றவர்களில் 79 விழுக்காடு, உஸ்டெகினுமாப் பெற்றவர்களில் 58 விழுக்காடு. ஒரு காலத்தில் முக்கியக் குற்றவாளியாகக் கருதப்பட்ட காமா இன்டர்ஃபெரானைத் தடுத்தபோது பலன் மிகச் சொற்பம். தோற்ற மருந்தும் சாட்சிதான். என் கணிப்பில், வென்ற மருந்துகளைவிட நேர்மையான சாட்சி.

இன்னும் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. குடல் அழற்சிக்கோ மூட்டுவாதத்துக்கோ, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்து பெறுவோரில் சிலருக்கு, அதுவரை இல்லாத சோரியாசிஸ் புதிதாகத் தோன்றுகிறது. சோரியாசிஸையும் குணமாக்கும் மருந்தே அந்நோயைத் தருவது முரண் போலத் தெரியும். அந்தப் புரதம் அடங்கும்போது, அது கட்டுக்குள் வைத்திருந்த முதல்வகை இன்டர்ஃபெரான் சுரப்பு பெருகுகிறது என்பதே இன்றைய விளக்கம். அதாவது நோய்க்குள் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உள்ளன. இரண்டாவது, நோயாளிகளே எழுப்பும் மறுப்பு: ஊசியை நிறுத்தினால் படை திரும்புகிறதே, அப்படியானால் வேரை யார் தொட்டார்கள்? அது பெரும்பாலும் பழைய இடங்களிலேயே திரும்புவதைக் கவனிக்க வேண்டும். தெளிந்துபோன தோலுக்குள் நினைவு டி செல்கள் தங்கிவிடுகின்றன. ஆக, வேர் என்று ஒன்று இருக்குமானால் அது குடலிலோ ‘கெட்ட ரத்தத்திலோ’ இல்லை. மரபணுச் சார்பிலும் தோலில் தங்கிய அந்த நினைவிலும் இருக்கிறது. நிரந்தரக் குணம் தருவதாக விளம்பரம் செய்வோரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான்: அந்த நினைவை உங்கள் மருந்து என்ன செய்கிறது?

இந்தப் புரிதல் சிகிச்சைத் தேர்வை மாற்ற வேண்டும். சில திட்டுகளோடு நிற்கும் நோய்க்கு ஸ்டீராய்டும் கால்சிபோட்ரியாலும் கலந்த களிம்பு போதும். பரவிய நோய்க்குக் குறுகிய அலைப்பட்டைப் புறஊதா பி ஒளி நல்ல பலன் தரும். ஆனால் இது தோலோடு நிற்கும் நோயல்ல. கணிசமானோருக்கு, பலசமயம் படை தோன்றிப் பல ஆண்டுகள் கழித்து, மூட்டுகள் பாதிக்கப்படுகின்றன. கடும் நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுகிறது. களிம்பு மூட்டை எட்டாது. விலையைப் பார்த்தால் மெத்தோட்ரெக்சேட்டே இன்றும் ஏழையின் முதல் மருந்து. டிஎன்எஃப் தடுப்பு மருந்தான அடலிமுமாபோடு ஒப்பிட்ட சோதனையில், 16 வாரங்களில் நோயளவு முக்கால் பங்கு குறைந்தவர்கள் அடலிமுமாபில் 80 விழுக்காடு, மெத்தோட்ரெக்சேட்டில் 36 விழுக்காடு, வெற்று மருந்தில் 19 விழுக்காடு என்பது உண்மை. காசநோய் மலிந்த நாட்டில் அந்த 80 விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடியவை; இன்டர்லூக்கின் 17, 23 தடுப்பு மருந்துகளில் அந்த அபாயம் குறைவு. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைதான் விழுங்க வேண்டும். தவறிப்போய் நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரையையும் ஊசியையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: சில நாள் தெளிவு, நிறுத்தியதும் உடலெங்கும் சீழ்க்கொப்புளம் வரை போகக்கூடிய கொந்தளிப்பு.

இனி வெட்பாலை. இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாக, ஊதாவாக மாறும். நவீன மருத்துவர் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. சித்த மருத்துவர் சிலர் இதற்கு மேல் ஆய்வே வேண்டாம் என்கிறார்கள். இரு தரப்பும் தார்க்களிம்பின் கதையை மறந்துவிடுகின்றன. நிலக்கரித் தாரையும் புறஊதா ஒளியையும் சேர்த்து 1925இல் மேயோ மருத்துவமனையின் கோகர்மன் சிகிச்சை அளித்தார். தார் ஏன் பலித்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. தோல் செல்லில் உள்ள ஏரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியை அது தூண்டுகிறது என்பது பின்னால் தெரிந்தது. அதே ஏற்பியைத் தூண்டும் டபினரோஃப் களிம்புக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அந்த ஏற்பியோடு இணையும் பொருள்களில் இண்டிருபினும் ஒன்று. வெட்பாலை இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவற்றில் அதுவும் இருக்கிறது. இண்டிருபின் உள்ள அவுரிச் சாயக் களிம்பை 2008இல் வெளியான தைவான் ஆய்வு 42 பேரிடம் 12 வாரம் சோதித்தது. உடலின் ஒரு பக்கத்துக்கு மருந்து, மறுபக்கத்துக்கு வெறும் களிம்பு. மருந்திட்ட இடம் 31 பேருக்கு முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தெளிந்தது.

வெட்பாலைக்கும் இதே தரத்தில், பெரிய அளவில், ஒரு சோதனை தேவை. தேங்காய் எண்ணெயே செதிலை இளக்கும் என்பதால் எதிர்ப்பக்கத்துக்கு அதே எண்ணெயைத் தர வேண்டும். எந்தப் பக்கம் மருந்து என்ற ரகசியத்தை ஊதா நிறம் உடைத்துவிடும் என்பதால் அதற்கும் நிறமூட்ட வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சிறு தோல் துண்டெடுத்து இன்டர்லூக்கின் 17 அளவைப் பார்க்க வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரிகளும் அரசு மருத்துவமனைகளின் தோல்நோய்த் துறைகளும் ஒரே நெறிமுறையின்கீழ் இதை நடத்த வேண்டும். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முழுமையாக வெளியிட வேண்டும்.