ஆரணிப் பட்டும் ஒரு தீர்ப்பின் முகவரியும்

ஆரணி என்றதும் நினைவுக்கு வருவது பட்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்த ஊரில் கைத்தறியில் ஒரு பட்டுச் சேலை நெய்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். விசைத்தறியோ அதைவிட வேகமாகவும் மலிவாகவும் நெய்துவிடும். இரண்டும் ஒரே சந்தையில் மோதினால் கைத்தறி எப்படி நிற்கும்?

இதற்காகத்தான் 1985-ல் மத்திய அரசு கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1986-ல் 22 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சேலையும் ஒன்று. (பின்னர் இந்தப் பட்டியல் 11 ரகங்களாகச் சுருங்கிவிட்டது.)

விசைத்தறி உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது என்று நீதிமன்றம் சென்றனர். தடையாணைகளால் சட்டம் பல ஆண்டுகள் ஏட்டில்தான் இருந்தது. கடைசியில் 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 'பர்வேஜ் அக்தர் எதிர் இந்திய ஒன்றியம்' என்பது வழக்கின் பெயர்.

இந்தத் தீர்ப்பை ஒரு நெசவாளர் படிக்க விரும்பினால் எங்கே தேடுவது?

தீர்ப்புக்கும் முகவரி உண்டு. இதன் முகவரி (1993) 2 எஸ்.சி.சி. 221. அதாவது 1993-ம் ஆண்டு, இரண்டாம் தொகுதி, 221-ம் பக்கம். எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடும் சட்ட இதழ்.

இந்த முறை பழையது. 1875-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, 1876 முதல் சென்னை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் அரசுத் தொகுதிகளாக அச்சாயின. 1891-ல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' தொடங்கியது. 1914-ல் ஏ.ஐ.ஆர். வந்தது. எல்லாம் ஆங்கிலம். எல்லாம் வக்கீல் அலமாரியிலும் சட்டக் கல்லூரி நூலகத்திலும்தான்!

2008-ல் வந்த 'இந்தியன் கானூன்' இணையதளம் இதை மாற்றியது. வழக்கின் பெயரை அடித்தால் தீர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 2023-ல் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வத் தொகுதிகளை 'இ-எஸ்.சி.ஆர்.' என்ற பெயரில் இலவசமாக இணையத்தில் திறந்துவிட்டது. சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன.

ஆனால் தீர்ப்பு மட்டும் முழு வழக்கு ஆகாது. மனு, எதிர்மனு, சாட்சியம், ஆவணங்கள் எல்லாம் நீதிமன்றப் பதிவறைக் கட்டுகளில் இருக்கும். அவற்றைப் பெற வழக்கு எண்ணும் ஆண்டும் குறிப்பிட்டு நகல் மனு போட வேண்டும். வழக்கில் சம்பந்தப்படாதவர் எதற்காக நகல் கேட்கிறார் என்று காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். பழைய கட்டுகளை அழிக்க 1917-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றே இருக்கிறது. ஆகவே தாமதித்தால் வெறும் தீர்ப்புதான் மிஞ்சும்.

விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படும்போது நெசவாளர் புகார் கொடுக்கலாம். "எங்கள் பிழைப்பு போகிறது" என்று மட்டும் எழுதிய மனுவை விட, சட்டத்தின் பெயரும் தீர்ப்பின் முகவரியும் சேர்ந்த மனுவுக்குப் பதில் சொல்லாமல் தட்டிக் கழிப்பது கடினம். தறியைக் காத்த தீர்ப்பு தறிக்காரர் கைக்கு வந்தால்தான் அதற்கு முழுப் பயன்.